வாய்க்கால் திரும்பிய அன்றைக்கே செய்ய வேண்டியவை

மேல்பக்கத்துக்காரர் ஓடையில் மண்மூட்டை அடுக்கி இரண்டு அங்குலக் குழாயைப் போட்டுவிட்டார். கீழே உங்கள் லீக்ஸ் பாத்தி வாடுகிறது. இலங்கை மலையகத்தில் வெலிமடை, கந்தப்பளைப் பக்கம் வறண்ட மாதங்களில் வரும் வழக்குகள் பலவும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. கோபத்தில் குழாயை வெட்டிவிட்டால் நீங்கள் முறைப்பாட்டாளர் அல்ல, சந்தேகநபர். நீரைத் தவறாகத் திருப்புவதைப் போலவே பிறர் பொருளுக்குச் சேதம் விளைவிப்பதும் தண்டனைச் சட்டக் கோவைப்படி குற்றம்தான்.

முதலில் பொலிஸ் முறைப்பாடு. அது சிங்களத்தில் எழுதப்பட்டால் வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகே கையெழுத்து வையுங்கள். “தண்ணீர் வரவில்லை” என்று மட்டும் பதிவானால் போதாது. எந்தக் காணிக்கூடாக, எத்தனை வருடமாக வாய்க்கால் வந்தது, எந்தத் திகதியில் யார் மறித்தார் என்பது அதில் இருக்க வேண்டும். சமாதானம் குலையும் நிலை இருந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸ் நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம். அவர்கள் அசையாவிட்டால் நீங்களே சத்தியக்கடதாசியோடு (சத்தியம் செய்து கையெழுத்திட்ட எழுத்து வாக்குமூலம்) போகலாம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காணியிலிருந்து வெளியேற்றப்பட்டவர், நீதிமன்றத்துக்கு அறிவித்ததற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் அது நடந்தது என்று சொல்லி அதே சட்டத்தின் 68ஆம் பிரிவில் கேட்பார். வாய்க்கால் தண்ணீர் அப்படியல்ல. அது அடுத்தவர் காணியின் மீதான உரிமை, 69ஆம் பிரிவுக்குரியது. “போன மாதம்வரை தண்ணீர் எடுத்தேன்” என்றால் போதாது, எடுக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். காணி உறுதிப் பத்திரத்தில் எழுதியிருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி நீண்டகாலப் பாவனையால் வந்த உரிமையைக் காட்ட வேண்டும்: பத்து வருடம், இடைவிடாமல், மற்றவர் தயவில் அல்லாமல். வருடாவருடம் கேட்டு எடுத்த தண்ணீர் முப்பது வருடமானாலும் உரிமையாகாது. அனுமதி கேட்டு எழுதிய ஒரு பழைய கடிதம் உங்கள் வழக்கையே கவிழ்த்துவிடும்.

தேயிலைத் தோட்டக் காணியில் மரக்கறி செய்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் அரசுக்குப் போன தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தாலும் காணி அரசுடையதுதான். அரசுக்கு எதிராகப் பத்து வருடக் கணக்கு ஓடாது. பொது ஓடைகளின் நீரை நிர்வகிக்கும் உரிமையும் 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டப்படி அரசிடமே இருக்கிறது. “என் காணிக்குள்ளால் ஓடுகிறது, என் தண்ணீர்” என்ற வாதம் இரு தரப்புக்குமே நிற்காது.

ஆதாரத்தை மழை வருமுன் எடுங்கள். பழைய வாய்க்கால் புல் மூடினால் முடிந்தது கதை. அகலம், ஆழம், திருப்பிய இடம் எல்லாவற்றையும் அளவுநாடா வைத்துத் திகதியோடு படம் பிடியுங்கள். கிராம உத்தியோகத்தரை வரவழைத்துக் காட்டுங்கள். நீரையும் அளக்க வேண்டும்: 20 லீட்டர் வாளி 40 செக்கனில் நிரம்பினால் மணித்தியாலத்துக்கு 1,800 லீட்டர், நாளைக்கு 43,200 லீட்டர். கால் ஏக்கருக்கு நாளைக்கு 5 மில்லிமீற்றர் பாய்ச்ச ஏறக்குறைய 5,000 லீட்டர் போதும். எதிர்த்தரப்பு தன் கால் ஏக்கருக்கு என்று சொல்லி ஓடை முழுவதையும் இழுத்தால் இந்தக் கணக்கே பதில் சொல்லும். குழாயை ஒரு அங்குலத்திலிருந்து இரண்டுக்கு மாற்றினால் வாயின் பரப்பு இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது.

69இல் கிடைக்கும் கட்டளை இறுதியானதல்ல. அதற்கு மேன்முறையீடு இல்லை என்றாலும் மாகாண மேல் நீதிமன்றில் மீளாய்வு கேட்கலாம், மாவட்ட நீதிமன்றில் உரிமை வழக்கும் போடலாம். அரசின் உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்தில் 2014 டிசம்பரில் நீர் பீறிட்ட பிறகு பண்டாரவளையில் கிணறுகள் வற்றியது போன்ற சங்கதி வேறு பாதை. அங்கே எதிராளி அரசு; அரசின் சார்பில் நிற்கும் சட்டமா அதிபர் மீது வழக்கு என்றால் ஒரு மாத எழுத்து அறிவித்தல் வேண்டும். நட்டஈட்டுக்கு இரண்டு வருடம்தான் காலம்.

நீதிமன்றத்துக்கு வெளியே பிணக்கைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையில் இணங்கினால் “இருவரும் பகிர்ந்துகொள்வர்” என்று எழுதவிடாதீர்கள். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, குழாய் அளவு, ஓடை வற்றினால் யாருக்கு முதல் முறை, வால்வின் சாவி யாரிடம் என்று எழுதச் சொல்லுங்கள்.