சொல் விளக்கம்: மேரி சூ

ரசிகர் புனைவு, அதாவது பிடித்த தொடரின், படத்தின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதை, படிக்கிறவர்கள் இந்தப் பெயரில் இடறாமல் இருக்க முடியாது. கதைக்குள் புதிதாக ஒரு பெண் நுழைந்து, இரண்டு அத்தியாயத்துக்குள் எதையாவது சாதித்துவிட்டால் போதும். "இது சுத்த மேரி சூ" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். முதன்முதலில் கேட்டபோது, ஏதோ பழைய நடிகையின் பெயர் என்றுதான் நினைத்தேன். நடிகை இல்லை, எழுத்தாளரும் இல்லை. ஒரு கேலிக்கதையின் நாயகி.

இன்று இந்தச் சொல்லுக்குப் பொதுவாகச் சொல்லும் பொருள் இதுதான்: எந்தக் குறையும் இல்லாத, எல்லாம் தெரிந்த, எல்லோருக்கும் பிடித்த பெண் பாத்திரம், எழுதியவர் தன்னையே அழகுபடுத்திக் கதைக்குள் இறக்கிவைத்த உருவம். இதில் பாதிதான் சரி. மீதி எங்கே நழுவியது என்பதைப் பார்க்கச் சொல் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 முதல் 1969 வரை மூன்று பருவங்கள் ஓடிய தொடர் ஸ்டார் ட்ரெக். அது நின்றுபோன பிறகும் ரசிகர்கள் விடவில்லை. விண்கலத்தின் தலைவன் கிர்க், வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்தில் பாதியான ஸ்பாக், மருத்துவர் மெக்காய் எல்லோரையும் வைத்துத் தாங்களே கதை எழுதினார்கள், தாங்களே இதழாக அச்சடித்துத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப ஒரே பெண் வந்தாள். சின்ன வயது, பேரழகு, பேரறிவு. வருவாள், கலத்தைக் காப்பாற்றுவாள், தலைவனின் மனத்தைக் கவர்வாள், பல நேரம் கடைசியில் செத்தும் போவாள். படித்துப் படித்து அலுத்துப்போன பவுலா ஸ்மித் 1973 டிசம்பரில், மெனாஜரி என்ற ரசிகர் இதழின் இரண்டாம் இதழில், சில பத்திகளே நீளும் ஒரு நையாண்டியை எழுதினார். அதன் நாயகிதான் லெப்டினன்ட் மேரி சூ. வயது பதினைந்தரை. படையிலேயே மிக இளைய லெப்டினன்ட்.

அந்தக் கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நகைச்சுவை எங்கே இருக்கிறது என்பதில்தான் சொல்லின் பொருளும் இருக்கிறது. கிர்க் அவளைப் பார்த்த கணமே காதலைச் சொல்கிறான். அவள் மறுக்கிறாள். உடனே மரியாதை பொங்கி, "நீ கலத்தைப் பார்த்துக்கொள், நான் நம் இருவருக்கும் காபி கொண்டுவருகிறேன்" என்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறான். ஒரு விண்கலத்தின் தலைவன், முழுக் கலத்தையும் பதினைந்தரை வயதுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் காபி எடுக்கப் போகிறான்! தலைவன் இருக்கையில் நீ ஏன் இருக்கிறாய் என்று ஸ்பாக் கேட்க, தலைவர்தான் உட்காரச் சொன்னார் என்கிறாள். பிசிறில்லாத தர்க்கம், உன் அறிவை வியக்கிறேன் என்கிறார் தர்க்கத்துக்கே பேர்போன ஸ்பாக். அப்புறம் எல்லோரும் சிறைப்படுகிறார்கள், இவள் கொண்டை ஊசியால் பூட்டைத் திறக்கிறாள். எல்லோரும் நோயில் விழ, இவள் ஒருத்தியே கலத்தை ஓட்டி நோபல் அமைதிப் பரிசு வரை வாங்குகிறாள். கடைசியில் நோய் இவளையும் பிடிக்கிறது. சுற்றி நின்று நாயகர்கள் கூச்சமில்லாமல் அழ, உயிர் போகிறது. அவள் பிறந்த நாள் இன்றும் கலத்தில் தேசிய விடுமுறை.

பூட்டைத் திறந்ததா இங்கே சிரிப்பு? இல்லை. காபிதான் சிரிப்பு. அவள் திறமைசாலியாக இருப்பது குற்றமே அல்ல. அவளுக்காக மற்ற எல்லோரும் தங்கள் குணத்தையும் மூளையையும் கழற்றி வைத்துவிடுவதுதான் குற்றம். பவுலா ஸ்மித் கேலி செய்தது ஒரு கட்டுமானக் கோளாறை. இந்தப் பாதிதான் பின்னாளில் நழுவிப்போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் ஏன் புதுப் பெண்ணை உண்டாக்கினார்கள்? மூலக்கதையில் அவர்கள் நுழைய இடம் இல்லை. தொடருக்காகச் சோதனையாக எடுத்த முதல் முன்னோட்டப் படத்தில் கலத்தின் இரண்டாம் தலைமை ஒரு பெண்ணிடம் இருந்தது. இரண்டாவது முன்னோட்டத்தில் அந்தப் பாத்திரமே இல்லை. ஒளிபரப்பான தொடரில் உஹூரா செய்தித்தொடர்பைக் கவனித்தாள், சேப்பல் செவிலி, ராண்ட் தலைவனின் உதவியாளர். சாகசத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களே. அந்த வரிசையில் தனக்கு ஓர் இடம் வேண்டும் என்று பதினைந்து வயதுப் பெண் நினைத்தால், இடத்தை அவளே செய்துகொள்ள வேண்டியதுதான். நம் அகப்பாடல்களில் தலைவிக்குப் பெயர் கிடையாது, யாரையும் பெயர் சுட்டிப் பாடக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. அதனால் எந்தப் பெண்ணும் அந்தத் தலைவியாக நின்று பார்க்கலாம். பெயரும் பதவியும் எல்லாம் முன்பே நிரம்பிவிட்ட விண்கலத்தில் அது முடியாது.

சரி, சொல் பரவியது. பரவப் பரவ அதன் கூர் மழுங்கி, அடி மட்டும் பலமானது. 1990களின் கடைசியில் இதற்கென்றே வினாப்பட்டியல்கள் சுற்றின. உன் பாத்திரத்தின் கண் ஊதா நிறமா? பெயர் அபூர்வமானதா? விலங்குகள் அவளிடம் ஒட்டிக்கொள்கின்றனவா? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினால் உன் பெண் மேரி சூ. கதையில் அவள் என்ன செய்கிறாள், மற்றவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதைவிட அங்க அடையாளம் பெரிதாகிவிட்டது.

அதற்கு முன்பே இதன் விளைவைக் கவனித்தவர் உண்டு. ஸ்டார் ட்ரெக் ரசிகைகளோடு பழகி ஆராய்ந்த காமில் பேகன்-ஸ்மித், 1992இல் வெளியிட்ட நூலில், மேரி சூ என்ற பழிக்குப் பயந்தே பெண் பாத்திரம் எழுதுவதைத் தவிர்த்தவர்களைப் பற்றிச் சொல்கிறார். எழுதுவதும் பெண்கள், படிப்பதும் பெண்கள், கதைக்குள் மட்டும் பெண் வரக்கூடாது. எப்படி இருக்கிறது பாருங்கள்.

புதுப் பெண்ணுக்கு இந்தக் கதி என்றால், மூலக்கதையிலேயே இருக்கும் பெண்ணுக்கு வேறு கதி. கிர்க்கையும் ஸ்பாக்கையும் காதலர்களாக்கி எழுதிய 1970களின் கதைகளுக்கு, இருவர் பெயருக்கும் நடுவில் போட்ட சாய்கோட்டை வைத்தே ஸ்லாஷ் என்று பெயர் வந்தது. அந்த வகைமையில் அருமையான கதைகள் இருக்கின்றன. ஆனால் இரண்டு ஆண்களைச் சேர்த்துவைக்க, ஏற்கெனவே இருக்கும் காதலியை என்ன செய்வது? சோம்பேறி எழுத்துக்கு வழி எளிது: அவளைச் சிடுமூஞ்சியாக்கு, துரோகியாக்கு, இல்லையென்றால் முதல் அத்தியாயத்திலேயே கொன்றுவிடு. மூலத்தில் அன்பாக இருந்தவள் இங்கே கத்திக்கொண்டே திரிவாள். கூர்ந்து பார்த்தால் இதுவும் காபி விஷயம்தான். யாரோ ஒருவருக்காக இன்னொருவர் குணத்தைக் கழற்றுவது. ஆனால் இந்தக் கோளாறு மேரி சூ அளவுக்குக் கேலிப்பெயராகப் புகழ் பெறவில்லை.

ஆண்களுக்கு இந்தப் பட்டம் கிடையாதா? உண்டு, கேரி ஸ்டூ என்றும் மார்ட்டி ஸ்டூ என்றும். 1987இல் தொடங்கிய இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரில் வெஸ்லி என்ற சிறுவன் பெரியவர்களுக்குப் புரியாத சிக்கலையெல்லாம் தீர்ப்பான். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் நடுப்பெயரும் வெஸ்லி என்பது சும்மா வந்ததில்லை. ரசிகர்கள் அவனையும் நன்றாகவே வறுத்தெடுத்தார்கள். ஆனாலும் தராசு சமமில்லை. 2015இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் நாயகி ரே, பயிற்சியில்லாமல் வாள் பிடித்ததும் மேரி சூ என்று சண்டை கிளம்பியது. 1977 படத்தில் லூக், முதன்முறை போர் விமானத்தில் ஏறிய அன்றே எதிரியின் கோட்டையைத் தகர்க்கிறான். அதற்குப் பெயர் நாயகன்.

இப்போது தமிழுக்கு வருவோம். சகலகலாவல்லி என்று சொல்லிப் பார்த்தேன். கேலித்தொனி வருகிறது, ஆனால் அது திறமையை மட்டும் குறிக்கிறது, காபியைக் குறிக்கவில்லை. குறையிலி என்றால் சுருக்கமாக இருக்கிறது. ஆனால் அது அவளைப் பற்றி மட்டும் பேசுகிறது. சுற்றியிருப்பவர்கள் சுருங்கிப்போவது அதில் இல்லை.

தண்டியலங்காரத்தில் பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் சொல்லும்போது "தன்னிகர் இல்லாத் தலைவனை யுடைத்தாய்" என்று வரும். தனக்கு நிகர் யாருமில்லாத தலைவன் காப்பியத்துக்கு வேண்டுமாம். ஆணுக்கு இலக்கணம், பெண்ணுக்கு வசவு! அந்தத் தொடரிலிருந்தே தன்னிகரிலி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அறிவிலி, நாணிலி போல 'இலி' ஈறு வருவதால் லேசான ஏளனம் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஆண், பெண் இருவருக்கும் பொருந்துவதால் கேரி ஸ்டூவுக்குத் தனிச்சொல் தேட வேண்டாம். நிகர் இல்லை என்பதில் மற்றவர்களும் வந்துவிடுகிறார்கள்: பக்கத்தில் இருக்கும் எல்லோரையும் எழுதுகிறவர் வெட்டிக் குட்டையாக்கினால்தான் ஒருவர் இப்படி நிகரில்லாமல் நிற்க முடியும்.

ஒரு மறுப்பு எழலாம். பொதுப்பாலாக்கினால், பெண்களை அடிக்கவே இச்சொல் பயன்பட்ட வரலாறு மறைந்துவிடாதா? மறையும்தான். அதனால் அந்த வரலாற்றைப் பேசும்போது மேரி சூ என்றே எழுதுகிறேன், கதையின் கோளாறைச் சொல்லும்போது மட்டும் தன்னிகரிலி. பன்மை தன்னிகரிலிகள், பண்பு தன்னிகரிலித்தனம். பயன்பாடு: "மாலுமிப் பெண் விண்மீனைப் பார்த்துத் திசை கண்டுபிடித்தது நன்றாக இருந்தது, நாற்பது வருடம் கடலில் கிடந்த கிழவர் அதைப் பார்த்து வாய்பிளந்து நின்றதுதான் தன்னிகரிலித்தனம்."