நபத்து மன்னர்: கிரேக்கச் சட்டை போட்ட அரபுப் பெயர்கள்

பவுல் கூடைக்குள் உட்கார்ந்து தமஸ்கு மதில் வழியாக இறங்கித் தப்பித்த கதை விவிலியம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அவரைப் பிடிக்க ஊரைக் காவல் காத்தது அரேத்தா என்ற ராஜாவின் அதிகாரி. இன்றைய ஜோர்தானில் உள்ள பெத்ராவைத் தலைநகராகக் கொண்டு வாழ்ந்த பழைய அரபு மக்கள் நபத்தேயர். அந்த அரேத்தாதான் நபத்தேய மன்னர்களிலேயே பெரிய ஆள், நான்காம் அரேத்தா. கி.மு. 9 முதல் கி.பி. 40 வரை பெத்ராவிலிருந்து ஆண்டார். ஆனால் அவர் தன்னை அரேத்தா என்று எழுதிக்கொண்டதே இல்லை. அவருடைய கல்வெட்டுகளில் இருப்பது ஹாரிதத். அரேத்தாஸ் என்பது கிரேக்கர்கள் வாயில் நுழைந்த வடிவம், அதிலிருந்து கடைசி 'ஸ்' உதிர்ந்து நம்மிடம் அரேத்தாவாக வந்து சேர்ந்தது.

'நபத்தேயர்' என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான். கிரேக்கர்கள் நபதாயோய் என்றார்கள். கல்தேயர், எபிரேயர் என்ற வரிசையில் நாமும் ஒரு 'ஏயர்' ஒட்டிக்கொண்டோம். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டது நபத்து. உயிர்க்குறி இல்லாத எழுத்து என்பதால் கல்லில் ந ப த வ என்று நான்கே எழுத்துகள் இருக்கும்.

பொருள்? ந-ப-த என்ற அரபு வேருக்குக் கிணறு தோண்டும்போது முதலில் ஊறி வரும் நீர் என்று பொருள் உண்டு. சட்ட நூல்களிலிருந்து ஒரு தீர்ப்பைத் தோண்டி எடுப்பதற்கு இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் சொல்லும் 'இஸ்தின்பாத்' என்ற சொல்லும் இந்த வேர்தான். பழைய அரபு அகராதிக்காரர்கள் இந்த மக்களின் பெயரையும் இதோடுதான் இணைத்தார்கள். பொருத்தம் அருமையாகத்தான் இருக்கிறது: கி.மு. 312-இல் அலெக்சாந்தரின் தளபதியாக இருந்த அந்திகோனஸின் படை இவர்கள் மேல் பாய்ந்ததை எழுதும் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ், இவர்கள் பாலைவனத்தில் வாய் குறுகி உள்ளே அகன்ற நீர்த்தொட்டிகளை வெட்டி, தங்களுக்கு மட்டும் தெரியும்படி மூடி வைப்பார்கள், அதனால்தான் எந்தப் படையாலும் துரத்திப் பிடிக்க முடியவில்லை என்கிறார்.

இங்கே தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல். செமித்திய மொழிகளில் 'த' ஒன்றல்ல, அழுத்திச் சொல்வது ஒன்று, சாதாரணமானது ஒன்று. நபத்தில் வருவது அழுத்தமான த. செடிகொடி என்று பொருள்படும் அரபு 'நபாத்'தில் வருவது சாதாரணமானது. விவிலியத்தில் வரும் இஸ்மவேலின் மூத்த மகன் நெபாயோத்தின் வழிவந்தவர்களே நபத்தேயர் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. நெபாயோத்திலும் சாதாரண த தான், அதனால் அந்த உறவு எழுத்துக் கணக்கில் இடிக்கிறது. நம் எழுத்தில் மூன்றும் ஒரே மாதிரி இருப்பதால், தமிழில் மட்டும் படிப்பவருக்கு இது கண்ணில் படவே படாது.

சரி, மன்னர்களுக்கு வருவோம். கல்லிலும் காசிலும் இவர்களின் பட்டம் 'மலிக் நபத்து', அதாவது நபத்தரின் அரசன். நாட்டின் பெயரோ ஊரின் பெயரோ இல்லை, மக்களின் பெயர்தான். நம்மிடம் பல்லவர் கோன், ஆயர் கோன் என்று இருக்கிறதே, அதே அமைப்பு. அதனால் நபத்தர் கோன் என்றால் கச்சிதமாகப் பொருந்தும். பெத்ராவில் வாழ்ந்த நண்பர் சொன்னதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுவதைப் பார்த்தால், இந்த அரசர்கள் விருந்தில் தாங்களே மற்றவர்களுக்குப் பரிமாறுவார்களாம், மக்கள் மன்றத்தில் தங்கள் ஆட்சிக்குக் கணக்கும் சொல்வார்களாம். அரசனின் தலைமை அமைச்சருக்குப் பட்டம் 'சகோதரன்'. ரோமர்களின் அரேபியப் படையெடுப்புக்கு வழிகாட்டப் போன சில்லேயுஸ் இப்படி ஒரு சகோதரன். அரசிக்கு 'சகோதரி, நபத்தரின் அரசி' என்று பட்டம். நம் ஊர் மேடையில் 'உடன்பிறப்பே' என்றால் யாரும் ரத்த உறவைத் தேடுவதில்லை அல்லவா, அமைச்சர் விஷயத்தில் நிச்சயம் அப்படித்தான்.

பெயர்களின் பொருளில்தான் எனக்கு ருசி அதிகம். ஹாரிதத்தின் வேர் உழுவதைக் குறிக்கும். விதைத்தால் மரண தண்டனை என்ற சட்டம் வைத்திருந்ததாகத் தியோதோரஸ் சொல்லும் மக்களுக்கு, பிற்பாடு உழவன் என்ற பெயரில் அரசர்கள்! ஒபோதாஸ் என்பது அப்தத், அப்துல்லாவில் வரும் அதே 'அப்த்', அடியான். ரப்பேல் என்றால் ஏல் கடவுள் பெரியவன். அரசி கமீலத் நமக்குத் தெரிந்த ஜமீலாவின் அக்காதான். மாலிக்குஸ் என்பது மாலிக்கு, அரசன் என்ற சொல்லே பெயராகிவிட்டது. 'மாலிக்குஸ் மன்னன்' என்று நாம் எழுதும்போது 'கேட்டு வாசல்' மாதிரி அரசன் அரசன் என்று இரண்டு தடவை சொல்கிறோம்.

பட்டப்பெயர்களுக்கு நல்ல தமிழே கைவசம் இருக்கிறது. கி.மு. 84 வாக்கில் தமஸ்குவைப் பிடித்த மூன்றாம் ஹாரிதத் அங்கே அடித்த காசில் கிரேக்க எழுத்தில் 'பில்ஹெலன்', அதாவது கிரேக்கரை நேசிப்பவன், என்று போட்டுக்கொண்டார். 'ஹெலனிய அன்பர்' என்றெல்லாம் சுற்றி வளைக்க வேண்டாம், சங்க நூல்களிலேயே யவனர் இருக்கும்போது யவனநேயன் என்றால் முடிந்தது. இதே ஆளைத்தான் கி.மு. 58-இல் ரோமர்கள் ஒட்டகத்தின் பக்கத்தில் மண்டியிட்டவராகக் காசில் பொறித்தார்கள். உண்மையில் அவர் 300 தாலந்து வெள்ளி கொடுத்து ரோமப் படையைத் திருப்பி அனுப்பியவர், பெத்ரா அப்போது விழவே இல்லை.

நான்காம் ஹாரிதத் இதற்கு நேர் எதிர். இயற்பெயர் ஐனியாஸ், ரோமானியக் காவிய நாயகன் பெயர். அரியணை ஏறியதும் அதைக் கழற்றிவிட்டு ஹாரிதத் ஆனார், ரோமப் பேரரசர் அகஸ்டஸிடம் கேட்காமலே முடிசூடியதால் அவர் கோபத்துக்கும் ஆளானார். காசில், அவர்கள் எழுதப் பயன்படுத்திய அரமேய மொழியில் போட்டது 'ராஹிம் அம்மிஹ்', தன் மக்களை நேசிப்பவன். குடிநேயன் என்று சொல்லலாம். ரஹ்மான், ரஹீம் எல்லாம் இந்த ர-ஹ-ம வேரின் பிள்ளைகள்.

கடைசி அரசன் இரண்டாம் ரப்பேல் இன்னும் ஒரு படி மேலே போய், தன் மக்களுக்கு வாழ்வளித்து மீட்டவன் என்று எழுதிக்கொண்டார். கி.பி. 106-இல் டிராஜன் அந்த நாட்டை ரோமின் அரேபிய மாகாணமாக்கிவிட்டார். அதோடு மலிக் நபத்து என்ற பட்டமும் போயிற்று, அவர்களுடைய எழுத்து மட்டும் வளைந்து நெளிந்து இன்றைய அரபு எழுத்தாகத் தொடர்கிறது.