பொறி தெரிகிறது, மோட்டார் பிடிக்கவில்லை: பழைய அவுட்போர்டில் பலவீனமான தீப்பொறியைக் கண்டறிவது எப்படி?

படகின் பின்புறத்தில் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார்களைப் பழுது பார்க்கும் வேலையில் நான் அடிக்கடி கேட்பது, "பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டேன், பொறி நன்றாகத்தான் வருகிறது" என்ற சொல். சொல்பவர் பொய் சொல்வதில்லை. பிளக்கை இன்ஜின் உடலில் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்தால் பொறி தெரியத்தான் செய்யும். ஆனால் வெளிக்காற்றில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த இடைவெளியைத் தாண்டச் சில ஆயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்பட்டிருக்கும் நிலையில் அதே இடைவெளியைத் தாண்ட அதைப் போலப் பல மடங்கு மின்னழுத்தம் வேண்டும். வெளியே தெரிந்த பொறி உள்ளே தோன்றாமலே போகலாம். இதை அறியாததால் கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அதைவிடக் கவலை தருவது, கரையில் உடனே பிடித்த மோட்டார் நீரின் நடுவில் சுமை ஏறியதும் விட்டுவிட்டு எரிந்து நின்றுபோவதுதான். அப்போது படகில் இருப்பவர்கள் காற்றும் நீரோட்டமும் கொண்டுபோகும் திசையில் போக வேண்டியதாகிறது.

சோதனையைத் தொடங்கும் முன் செய்தாக வேண்டியவை சில உண்டு. பிளக் கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் கலவை ஆவியாகப் பீறிட்டு வரும் என்பதால், பொறியை அந்தத் துளைக்கு அருகில் வரவழைப்பது தீயை நாமே மூட்டுவதற்குச் சமம். எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில், கியரை நியூட்ரலில் வைத்து, கூடுமானால் புரொப்பெல்லரையும் கழற்றிவிட்டுத்தான் நான் கயிற்றைத் தொடுவேன். சோதிக்காத மற்ற பிளக் வயர்களை இன்ஜின் உடலோடு எர்த் செய்துவிட வேண்டும். பொறி பாய வழியில்லாமல் திறந்து கிடக்கும் வயரில் உயரும் மின்னழுத்தம், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் கம்பிச்சுருளான காயிலின் மின்காப்பை உடைத்து வெளியேறப் பார்க்கும். நல்ல காயில் சோதனையின்போதே கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

பொறியின் வலிமையை அறியப் பிளக் உதவாது. இடைவெளியை மாற்றியமைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் வேண்டும். பாயிண்ட் (காயிலின் முதன்மைச் சுற்றைத் திறந்து மூடும் தொடர்பு முனை) வைத்த பழைய மேக்னெட்டோ (சுழலும் காந்தத்தால் பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் அமைப்பு) மோட்டார்களுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டரும், சிடிஐ (மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தை ஒரு மின்னணுப் பெட்டி ஒரேயடியாகக் காயிலுக்குள் விடும் முறை) வகைக்கு ஏறக்குறைய 11 மில்லிமீட்டரும் நான் வைத்துப் பார்க்கும் இடைவெளிகள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, மோட்டார் தடையின்றிச் சுழலும்படி, கயிற்றை ஒரே மூச்சில் வேகமாக இழுக்க வேண்டும். நீலமாக, 'டப்' என்ற ஓசையோடு ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் பாய்ந்தால் அது வலுவான பொறி. மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மெலிந்து வருவதும், மூன்று சுற்றுக்கு ஒரு முறை தவறுவதும், இடைவெளியைக் குறைத்த பிறகே பாய்வதும் பலவீனத்தின் அடையாளங்கள். மெதுவாக இழுத்தால் மேக்னெட்டோ எப்போதும் பலவீனமான பொறியைத்தான் தரும். ஆகவே இழுக்கும் கையின் தளர்ச்சியை மோட்டாரின் குறையாக எழுதிவிடக் கூடாது. செல்ஃப் ஸ்டார்ட் உள்ள மோட்டாரில் பேட்டரி தளர்ந்திருந்தாலும் விளைவு இதேதான்.

பொறி பலவீனம் என்று உறுதியானதும் நான் என்னையே கேட்கும் முதல் கேள்வி, அது ஒரு சிலிண்டரிலா, எல்லாவற்றிலுமா என்பது. இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தாலே வேலை பாதி குறைந்துவிடும். பழைய இரட்டைச் சிலிண்டர் மேக்னெட்டோக்களில் பெரும்பாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில், தனிப் பாயிண்ட், தனிக் கண்டன்சர் (பாயிண்ட் முகங்கள் கருகாமல் காக்கும் மின்தேக்கி) இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பலவீனம் என்றால் அந்தப் பக்கத்தின் உறுப்புகளில் தேடலாம். காயில்களை இடம் மாற்றிப் பார்த்தால் குறை காயிலோடு நகர்கிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் பலவீனமானால், இரண்டு காயில்கள் ஒரே நாளில் கெட்டுப்போயிருக்கும் என்று நம்புவதைவிட, இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத் தேடுவதே அறிவுடைமை.

அந்தப் பொதுவான உறுப்புகளில் மிக எளிதில் மறக்கப்படுவது மோட்டாரை நிறுத்தும் கில் சுவிட்ச்சின் சுற்று. பெரும்பாலான பழைய மோட்டார்களில் நிறுத்தும் சுவிட்ச் செய்வதெல்லாம், பொறியை உண்டாக்க வேண்டிய மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடுவது மட்டுமே. சுவிட்ச்சுக்குள் உப்பு படிந்தாலோ, வயரின் உறை எங்காவது உரசித் தேய்ந்தாலோ, அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு எப்போதும் எர்த்துக்குக் கசிந்துகொண்டிருக்கும்; பொறி முற்றிலும் நின்றுவிடாமல் மெலிந்து போகும். ஒருமுறை என்னிடம் வந்த மோட்டாருக்கு அதன் உரிமையாளர் இரண்டு காயில்களும் ஒரு சிடிஐ பெட்டியும் புதிதாக வாங்கிப் போட்டிருந்தார். குறை இருந்தது விரல் நீளத்துக்கு உறை தேய்ந்து, மோட்டார் மூடியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்த கில் சுவிட்ச் வயரில். அவர் செலவழித்த பணத்தை நினைத்து நான் வருந்தினேன். அன்று முதல் எந்த உறுப்பையும் மாற்றச் சொல்வதற்கு முன், கில் வயரை மோட்டார் பக்கத்தில் கழற்றிவிட்டு மறுபடியும் பொறியைப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். வயர் கழன்ற நிலையில் மோட்டார் பிடித்துக்கொண்டால் சுவிட்ச்சால் அதை நிறுத்த முடியாது என்பதை நினைவில் வைத்து, சோக்கை இழுத்து நிறுத்தத் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்தது எர்த். காயிலும் அதன் அடித்தட்டும் இன்ஜின் உடலோடு சேரும் இடங்களில் துருவும் பெயிண்டும் இருந்தால், சுரண்டிப் பளிச்சென்று ஆக்கி இறுக்க வேண்டும். பிளக் கேப், உயர் மின்னழுத்த வயர் ஆகியவற்றை இருட்டில் வைத்து மோட்டாரைச் சுழற்றிப் பார்ப்பதுதான் மிக எளிய சோதனை. விரிசல் உள்ள இடத்தில் நீலப் பொறி வெளியே கசிவது கண்ணுக்கே தெரியும்.

பாயிண்ட் வைத்த மோட்டார்களில் என் நேரத்தில் பெரும்பகுதி செலவாவது காந்தங்கள் பதித்த சுழல் சக்கரமான பிளைவீலுக்கு அடியில்தான். பிளைவீலைக் கழற்ற அதற்குரிய புல்லர் என்ற இழுப்புக் கருவி வேண்டும். சுத்தியலால் விளிம்பில் அடித்துக் கழற்றியவர்கள் காந்தங்களை விரிசலடையவும் ஒட்டு விடவும் செய்ததைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு எந்தக் காயில் போட்டாலும் பொறி வலுப்பெறாது. பாயிண்ட்டின் இடைவெளி பல பழைய மோட்டார்களில் 0.5 மில்லிமீட்டர், சிலவற்றில் 0.35 மில்லிமீட்டர், உங்கள் மோட்டாரின் கையேடு சொல்லும் அளவே சரியானது. இந்த அளவு டைமிங்கோடு நிற்கும் விஷயமன்று. பிளைவீல் காந்தம் காயிலைக் கடந்து செல்லும்போது, முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் அந்தக் கணத்தில் பாயிண்ட் திறந்தால்தான் முழு வலிமையுள்ள பொறி கிடைக்கும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகவும், குறைந்தால் தாமதமாகவும் திறக்கும். இரண்டிலும் உச்சம் தவறிப்போகும். பிளைவீலைத் தண்டோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டான கீ பாதி அறுந்து, பிளைவீல் தன் இடத்திலிருந்து சிறிது விலகியிருந்தாலும் இதே குறைதான் வேறு வழியில் வரும்.

பாயிண்ட் முகங்களை எமரித் தாளால் தேய்க்க வேண்டாம். அதன் துகள்கள் முகத்தில் பதிந்து தொடர்பைக் கெடுக்கும். மெல்லிய பாயிண்ட் அரத்தால் ஓரிரு முறை இழுத்த பின், கரைப்பானில் நனைத்த சுத்தமான தாளை இடையில் செருகி, கறை ஒட்டாமல் வெளியே வரும் வரை இழுத்தால் போதும். புத்தம் புதிய பாயிண்ட்டிலும் துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய்ப் படலம் இருக்கும் என்பதால் அதையும் இப்படித் துடைத்தே பொருத்த வேண்டும். முகங்கள் சீக்கிரமே கருகியோ குழிவிழுந்தோ போனால் கண்டன்சரைச் சந்தேகிக்கிறேன். அதன் அளவு பொதுவாக 0.2 மைக்ரோஃபாரட்டை ஒட்டி இருக்கும். ஆனால் மீட்டரில் சரியான அளவைக் காட்டும் கண்டன்சர்கூட உயர் மின்னழுத்தத்தில் கசியலாம். பாயிண்ட் முகத்தில் எண்ணெய் நனைந்திருந்தால், கிராங்க் ஷாஃப்டின் மேல் சீல் கசிகிறது என்று பொருள். அதைக் கவனிக்காமல் பாயிண்ட்டை மட்டும் துடைத்து அனுப்பினால் அந்த மோட்டார் விரைவில் திரும்பி வரும்.

காயிலை மல்டிமீட்டரில் அளந்து நல்லது என்று முடிவுகட்டுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. சிறிய பேட்டரியில் இயங்கும் மீட்டர் கம்பி அறுந்திருக்கிறதா என்பதைச் சொல்லும். காப்பு உடைந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. 1950, 1960-களில் தயாரான பல மோட்டார்களின் காயில்களில் வெளி உறை வயதால் வெடித்திருக்கும். அத்தகைய விரிசல் கண்ணுக்குத் தெரிந்தால் மீட்டர் என்ன காட்டினாலும் நான் அந்தக் காயிலை மாற்றிவிடுவேன்.

சிடிஐ மோட்டாரில் சாதாரண மீட்டர் இன்னும் அதிகமாக ஏமாற்றும். பிளைவீலுக்கு அடியில் அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரின் சார்ஜ் காயிலிலிருந்து வருவது கணநேரத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட்டுக்கு எழுந்து இறங்கும் துடிப்பு என்பதால், உச்ச மின்னழுத்தத்தைப் பிடிக்கும் அடாப்டரை மீட்டரோடு இணைத்துத்தான் அளக்க வேண்டும். கையேடு தரும் அளவு ஸ்டேட்டரிலிருந்தும், பொறி பாய வேண்டிய கணத்தைச் சொல்லும் ட்ரிகர் காயிலிலிருந்தும் வந்து, கில் வயரைக் கழற்றிய பிறகும் சிடிஐயின் வெளியீடு குறைவாக இருந்தால் மட்டுமே அந்தப் பெட்டியைக் குற்றவாளி என்று சொல்லலாம்.

இத்தனைக்கும் பிறகு குளிர்ந்த நிலையில் எல்லாம் சரியாக இருந்து, அரை மணி நேரம் ஓடியதும் பொறி மெலியும் மோட்டார்கள் சில உண்டு. அவற்றைத் தண்ணீரில் வைத்துச் சுமையோடு ஓட்டி, நின்ற அந்த நிமிடமே மூடியைத் திறந்து டெஸ்டரை மாட்ட வேண்டும்; ஆறிய பிறகு அளந்தால் குறை மறைந்துவிடும். சரிசெய்து முடித்ததும், எந்த இடைவெளியில் பொறி பாய்ந்தது, சூட்டில் எத்தனை வோல்ட் வந்தது என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிக் கொடுக்கிறேன். அடுத்த முறை திறப்பவர் நானாக இல்லாவிட்டாலும், ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு அந்த எண்கள் இருக்கும்.