ஜாப் தேங்குகிறது என்று வரம்பைக் கூட்டாதீர்கள்

பின்னணி ஜாப்கள் (பயனரைக் காக்க வைக்காமல் பின்னால் ஓடும் வேலைகள்) க்யூவில், அதாவது காத்திருப்பு வரிசையில், தேங்கத் தொடங்கினால் பல குழுக்கள் உடனே கைவைப்பது ஓர் இடத்தில்தான்: ஒரே நேரத்தில் எத்தனை ஜாப் ஓடலாம் என்ற வரம்பு. 10 என்று இருப்பதை 40 ஆக்கிவிடுவார்கள். கொஞ்ச நேரம் க்யூ மளமளவென்று குறையும். அப்புறம் டேட்டாபேஸ் திணறும், ஜாப்கள் டைம் அவுட் ஆகும், தோற்றவை எல்லாம் மறுமுயற்சிக்காக க்யூவுக்கே திரும்பும். முன்பைவிட நீளமான க்யூ. இதே வரிசையில் இது நடப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

"சிபியு 20 சதவீதம்தான் ஓடுகிறது, இன்னும் இடம் இருக்கிறதே" என்பார்கள். ஜாப்கள் டேட்டாபேஸின் பதிலுக்காகக் காத்துக் கிடப்பதால்தான் சிபியு சும்மா இருக்கிறது. வரம்பை முடிவு செய்ய வேண்டியது சர்வரின் பலம் மட்டுமல்ல; எல்லா ஜாப்களும் போய்த் தட்டும் பொதுவான இடம் எவ்வளவு தாங்கும் என்பதுதான். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் நிறுவியபடியே இருந்தால் ஒரே நேரத்தில் 100 இணைப்புகள். அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியவை. 6 சர்வர், ஒவ்வொன்றிலும் 4 ப்ராசஸ் (ஓடும் நிரல்), ப்ராசஸுக்கு 5 த்ரெட் (ஒரு நேரத்தில் ஒரு ஜாப்பை ஓட்டும் இழை), த்ரெட்டுக்கு ஓர் இணைப்பு என்றால் 120 ஆகிவிட்டது. இணையதளத்துக்கு வேண்டியதை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆட்டோஸ்கேலிங் (சுமைக்கேற்ப சர்வர்கள் தானாகக் கூடிக் குறைவது) இருந்தால், இன்று ஓடும் சர்வர்களை வைத்துப் பெருக்காதீர்கள். அதிகபட்சம் எத்தனை வரை போகும் என்பதை வைத்துப் பெருக்குங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. அமேசானின் க்யூ சேவையான எஸ்க்யூஎஸ்ஸில் ஒரு ஒர்க்கர் (ஜாப்பை எடுத்து ஓட்டும் நிரல்) எடுத்த ஜாப், மாற்றாமல் விட்டால், 30 விநாடிதான் மற்றவர்கள் கண்ணில் படாமல் இருக்கும். அதற்குள் முடித்து நீக்காவிட்டால் வேறொரு ஒர்க்கர் அதையே எடுத்துக்கொள்ளும். வழக்கமாக 12 விநாடியில் முடியும் ஜாப், நெரிசலில் 40 விநாடி இழுத்தால் இரண்டு முறை ஓடும். அது பணம் பிடிக்கும் ஜாப் என்றால் வாடிக்கையாளரிடமிருந்து இரண்டு முறை பணம் போகும். வரம்பை மாற்றும் முன், ஜாப் மறைந்திருக்கும் இந்த நேரத்தையும் பாருங்கள். ஒரே ஜாப் இரண்டு முறை ஓடினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி எழுதுங்கள்.

சர்வர் வரம்பும் (ஒரு சர்வரில் எத்தனை ஜாப் ஓடலாம்) க்யூ வரம்பும் (ஒரு க்யூவிலிருந்து எத்தனை ஜாப் ஓடலாம்) வேறு வேறு வேலைக்கானவை. இரண்டும் இருந்தால் எது முதலில் நிறைகிறதோ அதுதான் நிறுத்தும். சர்வர் வரம்பு மெமரியையும் சிபியுவையும் காக்கிறது. 8 ஜிபி சர்வரில் உச்சத்தில் 700 எம்பி பிடிக்கும் ஜாப்கள் 12 ஓடினால் 8.4 ஜிபி, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏதோ ஒரு ப்ராசஸைக் கொன்றுவிடும். சராசரி மெமரியை நம்பாதீர்கள், உச்சத்தை அளவிடுங்கள். படங்களைச் சுருக்குவது போன்ற சிபியு வேலைக்கு, சிபியுவில் உள்ள கோர்களின் எண்ணிக்கையே வரம்பாகப் போதும். மெயில் அனுப்புவது போலக் காத்திருப்பு அதிகமுள்ள வேலைக்குக் கூடுதலாக வைக்கலாம்.

க்யூ வரம்பு ஒரு க்யூ மற்றதை விழுங்காமல் காக்கிறது. மொத்தம் 20 ஜாப் ஓடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; மாத இறுதி அறிக்கைகள் அந்த 20 இடத்தையும் பிடித்துக்கொண்டால் கடவுச்சொல் மீட்பு மெயில் அவற்றின் பின்னால் நிற்கும். க்யூவைப் பிரித்தால் மட்டும் போதாது. ஒர்க்கர்கள் பொதுவாக இருக்கும்வரை அறிக்கை க்யூவுக்கு 3 அல்லது 4 என்று உச்சவரம்பு வேண்டும்.

சரி, எத்தனைதான் வைப்பது? வரிசைகள் குறித்து ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதியிலிருந்து தொடங்கலாம்: வரும் வேகத்தை ஒரு ஜாப் எடுக்கும் நேரத்தால் பெருக்குங்கள். விநாடிக்கு 12 ஜாப், ஒவ்வொன்றும் அரை விநாடி என்றால் சராசரியாக 6 ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் 6ஐயே வரம்பாக வைத்தால் சின்ன ஏற்ற இறக்கத்திலேயே க்யூ நீளும். 8 அல்லது 9 வையுங்கள். கணக்கு தரும் எண்ணை டேட்டாபேஸ் தாங்காது என்றால், வரம்பை விட்டுவிட்டு ஜாப்பின் நேரத்தைக் குறைக்க வேண்டும். அநேகமாக டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு மெதுவான குவெரியில்தான் விஷயம் இருக்கும்.

மாற்றிய பிறகு க்யூவின் நீளத்தைப் பார்க்காதீர்கள். மிகப் பழைய ஜாப் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்பதற்கு எச்சரிக்கை வையுங்கள்.