பனிக்குப் போகிறீர்களா? முதலில் கையைக் காட்டுங்கள்

என் ஓபிக்கு வரும் மணிக்கட்டு முறிவுகளில் பெரும்பாலானவை இரண்டே வகை. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிகள், மழைநாளில் ஸ்கூட்டியோடு சாய்ந்தவர்கள். சில வருடங்களாக ஜனவரி, பிப்ரவரியில் மூன்றாவதாக ஒரு வகை வருகிறது. வயது முப்பதுக்குள், ஓஎம்ஆரில் வேலை. கையில் வெளிநாட்டு மாவுக்கட்டு, கட்டின் மேல் நண்பர்களின் கையெழுத்து, மொபைலில் யாருக்கும் புரியாத மொழியில் ஒரு எக்ஸ்ரே ரிப்போர்ட். "ஸ்னோபோர்டிங் போனேன் டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒரே பலகையில் நின்று பனிச்சரிவில் சறுக்கி இறங்கும் விளையாட்டு அது. பின்னால் நிற்கும் அம்மா சிரிப்பதில்லை.

போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானே நாற்பத்து மூன்று வயதில் போய், ஊர் திரும்பி ஒரு வாரம் தலையணை போட்டு உட்கார்ந்தவன். எலும்பு முறிவு மருத்துவர் என்பதற்காகப் பனி யாருக்கும் சலுகை தருவதில்லை.

வருகிறவர்களில் பலர் போனது பெயர்பெற்ற பெரிய ரிசார்ட்டுகளுக்கு இல்லை, சின்ன ஊர்களுக்கு. அந்தத் தேர்வை நான் குறை சொல்ல மாட்டேன். மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கு டிக்கெட் விலை குறைவு, வரிசை கிடையாது, சரிவில் கூட்டம் இல்லை. கற்றுக்கொள்பவருக்குப் பின்னாலிருந்து யாராவது வேகமாக வந்து மோதும் ஆபத்தும் குறைவு. ஜப்பானின் நகானோ மாகாணத்தில் நொசாவா ஒன்சென் என்று ஒரு கிராமம் இருக்கிறது. டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் ஈயாமா நிலையம், அங்கிருந்து பஸ்ஸில் அரை மணிக்கும் குறைவு. சறுக்கி முடித்தால் ஊர் மக்களே பராமரிக்கும் 13 பொது வெந்நீர்க் குளியல் இல்லங்கள். இடுப்பு வலிக்கு அதைவிட நல்ல மருந்தை நானும் எழுதித் தரமுடியாது.

அங்கே ஏன் அவ்வளவு பனி என்பது சென்னைக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை ஏற்றிக்கொள்கிறது, மலையில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. நம் வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலில் ஈரம் ஏற்றிக்கொண்டு வந்து வேளச்சேரியை மூழ்கடிப்பதும் இதே கணக்குதான். அதனால் அங்கே உயரம் அதிகம் தேவைப்படுவதில்லை. நொசாவாவின் உச்சியே 1,650 மீட்டர்தான், நம் ஊட்டியைவிடத் தாழ்வு. காஷ்மீரின் குல்மார்கில் ஊரே 2,650 மீட்டரில் இருக்கிறது, கோண்டோலா என்ற கேபிள் கார் கிட்டத்தட்ட 3,950 மீட்டர் வரை ஏற்றிவிடும். முதல்முறை போகிறவருக்குத் தலைவலியும் மூச்சுத்திணறலும் வேறு சேர்ந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தால் இந்த வித்தியாசம் முக்கியம்.

சரி, கைக்கு வருவோம்.

ஸ்கீயிங்கில் இரண்டு கால்களுக்கும் தனித்தனிப் பலகை, கையில் கோல். வேகமாக விழுந்தால் பூட்ஸைப் பிடித்திருக்கும் பிடிப்பு தானே கழன்றுகொள்ளும் வகையில் வைத்திருப்பார்கள். அங்கே அடிபடுவது பெரும்பாலும் முழங்கால் தசைநாரும் கட்டைவிரலும். ஸ்னோபோர்டில் இரண்டு கால்களையும் ஒரே பலகையில் குறுக்காக வைத்துக் கட்டிவிடுகிறார்கள். விழுந்தாலும் அது கழலாது. காலை நகர்த்திச் சமாளிக்க வழியில்லாததால், உடம்பு தன் கடைசி ஆயுதத்தை நீட்டுகிறது. அதுதான் கை. உள்ளங்கை பனியில் ஊன்ற, முழு உடல் எடையும் மணிக்கட்டில் இறங்க, முன்கையின் ரேடியஸ் எலும்பு மணிக்கட்டுப் பக்க முனையில் உடைகிறது. கோவளத்தில் அலைச்சறுக்கு பழகிய ஒரு இளைஞர் "எனக்கு பேலன்ஸ் எல்லாம் இருக்கு சார்" என்றார். இருந்தது, நிஜம்தான். ஆனால் அவர் அதுவரை விழுந்ததெல்லாம் தண்ணீரில்.

இதிலும் மோசமானது பின்பக்கமாக விழுவது. சரிவைப் பார்த்தபடி குதிகால் பக்க விளிம்பில் இறங்கி வரும்போது, கால்விரல்கள் பக்கத்து விளிம்பு தவறிப்போய்ப் பனியில் குத்தினால் முன்னால் தூக்கி எறியும். மலையைப் பார்த்தபடி வரும்போது குதிகால் விளிம்பு குத்தினால் மல்லாக்கத் தள்ளிவிடும், பின்மண்டை தரையில் அடிக்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு மூளையைச் சுற்றி ரத்தம் கசிவது பெரும்பாலும் இப்படி விழுவதால்தான். விழுந்த பிறகு தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ அறைக்குப் போய்த் தூங்கக் கூடாது. நேரே சிடி ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆகவே ஹெல்மெட்டும், மணிக்கட்டைக் காக்கும் உறையான ரிஸ்ட் கார்டும் பேச்சுக்கே இடமில்லாதவை. ஹெல்மெட் வாடகைக்குக் கிடைக்கும். ரிஸ்ட் கார்டு சின்ன ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் உங்கள் அளவில் இருக்குமா? ஆகவே இங்கேயே, ஸ்கேட்டிங் சாமான் விற்கும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் போட்டபடியே கையுறையையும் போட்டுப் பாருங்கள், கையுறை ஒரு சைஸ் பெரிதாகத் தேவைப்படலாம். ரிஸ்ட் கார்டு அணிந்தவர்களுக்கு மணிக்கட்டு முறிவு குறைகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. என்னிடம் வந்த மூன்றாவது வகையினரில் ஒருவர்கூட அதை அணிந்திருக்கவில்லை. ஒருவர் வாங்கி பெட்டியிலேயே வைத்திருந்தார். போட்டோவில் நன்றாக இருக்காதாம்.

விழுவதற்கும் பயிற்சி உண்டு. வீட்டில் மெத்தையை விரித்துப் பழகலாம். முன்னால் விழுந்தால் விரல்களை மடக்கி, முழங்கையையும் மடித்து, முன்கை முழுவதும் தரையில் படும்படி விழ வேண்டும். பின்னால் விழுந்தால் குந்தி உட்காருவதுபோல் தாழ்ந்து, தாடையை மார்போடு ஒட்டி, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு முதுகில் உருள வேண்டும். பத்து நாள் செய்தால் உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு முன்பே தொடை வலுவுக்கு உட்கார்ந்து எழும் பயிற்சியும், பெசன்ட் நகர் மணலில் வெறுங்காலோடு நடையும் தொடங்கினால் போதும். ஜிம்முக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

சின்ன ரிசார்ட்டில் இன்னொரு சங்கதி, லிஃப்ட். ஐரோப்பாவின் சிறிய கிராமங்களில் நாற்காலி லிஃப்டுக்குப் பதிலாக ஆளை இழுத்துக்கொண்டு போகும் கயிறும் டி வடிவக் கோலும் இன்னும் நிறைய உண்டு. ஸ்கீயில் நேராக நிற்பவருக்கு அது வசதி. பக்கவாட்டில் நிற்கும் ஸ்னோபோர்டருக்குப் பெரிய தொல்லை. ஜப்பானின் பழைய ஊர்களில் ஒற்றை ஆள் நாற்காலியும் பார்க்கலாம், முன்னால் தடுப்புக் கம்பிகூட இல்லாமல். இறங்கும்போது ஒரு கால் கட்டப்பட்டும் ஒரு கால் விடுபட்டும் இருக்கும், முழங்கால் முறுக்கிக்கொள்வது அங்கேதான். சில மலைகள் ஸ்னோபோர்டரை உள்ளேயே விடுவதில்லை. அமெரிக்காவின் யூட்டாவில் ஆல்டாவும் டியர் வேலியும், வெர்மான்டில் மேட் ரிவர் க்ளெனும் அப்படி. டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிவு எவ்வளவு கடினம் என்று காட்டும் நிறங்களிலும் ஏமாறலாம். எளிதிலிருந்து கடினம் வரை வரிசையாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் பச்சை, நீலம், கறுப்பு. ஜப்பானில் பச்சை, சிவப்பு, கறுப்பு. சிவப்பு நடுத்தரச் சரிவுதான், ஆனால் முதல் நாளுக்கு அதுவே அதிகம். கயிறு கட்டி மூடிய எல்லைக்கு அப்பால் போகாதீர்கள். மரங்களைச் சுற்றிப் பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக அதில் விழுந்தவர் பனியிலேயே மூச்சுத்திணறி இறந்துபோகலாம். எல்லை தாண்டி மாட்டிக்கொண்டவரிடமே மீட்புச் செலவை வாங்கும் ஊர்களும் உண்டு.

இப்போது பணம். போன வருடம் வந்த ஒரு பெண் விசாவோடு சேர்ந்து பயணக் காப்பீடும் எடுத்திருந்தார். அங்கே எக்ஸ்ரே, கட்டு, ஊசி எல்லாம் கைக்காசு. திரும்பி வந்து கேட்டபோது, சாகச விளையாட்டு சேராது என்று பாலிசியின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அந்த வரியை அவர் படித்திருக்கவில்லை. நம்மில் யார் படிக்கிறோம்? ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு கட்டாயம். ஆனால் அந்தத் தொகை இருப்பதாலேயே ஸ்னோபோர்டிங் அதில் அடங்கிவிடாது. ஏஜென்டிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் ஈமெயிலில் கேளுங்கள்: ஸ்னோபோர்டிங் என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறதா, குறித்த பாதைக்கு வெளியே அடிபட்டால் செல்லுமா, மலையிலிருந்து மீட்கும் செலவு உண்டா, கட்டுப் போட்ட நிலையில் ஊர் திரும்ப டிக்கெட் மாற்றினால் தருவார்களா, குடித்திருந்தால் என்ன ஆகும். கடைசிக் கேள்விக்குப் பதில் எனக்கே தெரியும். ஆனாலும் எழுத்தில் வாங்கிவையுங்கள்.

மருந்துப் பெட்டியிலும் கவனம் தேவை. சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. சளிக்கென்று நாம் வாங்கும் சில மாத்திரைகளில் இது இருக்கும், அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119. எலும்பு டாக்டரைத் தேட வேண்டுமானால் "சேய்கேய் கேகா" என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். மலையடிவாரக் கிளினிக்கில் முதலுதவிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டு காயங்கள் முதல் எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்ளும். ஒன்று, கட்டைவிரலை விரித்தால் அடியில் விழும் குழியில் வலிப்பது. அது ஸ்கேஃபாய்ட் என்ற சின்ன எலும்பின் முறிவாக இருக்கலாம். விட்டுவிட்டால் அது சேராமலே போகும். அதனால் பத்து, பதினான்கு நாளில் மறுபடி எக்ஸ்ரே, இல்லையென்றால் எம்ஆர்ஐ. மற்றொன்று, கணுக்கால் வெளிப்பக்கம் சுளுக்கு மாதிரியே வலிக்கும் டேலஸ் எலும்பின் ஓர முறிவு. ஸ்னோபோர்டர்களின் முறிவு என்றே மருத்துவத்தில் அதற்குப் பெயர். ஒருவர் அந்தக் காலோடு மூன்று வாரம் ஆபீஸ் போய்வந்தார். பாட்டி புத்தூர் கட்டுக்குக் கூப்பிட்டாராம், நல்லவேளை அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம்.

அங்கேயே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொன்னால் பதறாதீர்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தாலோ, விரல்கள் மரத்தாலோ வெளுத்தாலோ அங்கேயே, உடனே செய்துகொள்ள வேண்டும். மற்றபடி மணிக்கட்டு முறிவுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் அவகாசம் இருக்கும். எக்ஸ்ரே படங்களைக் குறுந்தகட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். ஆனால் கட்டுப் போட்டு 48 மணி நேரத்துக்குள் விமானம் ஏறுகிறீர்கள் என்றால், அந்த மாவுக்கட்டை நீளவாக்கில் வெட்டிப் பிளந்துவிடச் சொல்லுங்கள். பறக்கும்போது கை வீங்கும், முழுக் கட்டு உள்ளே இறுக்கிப் பிடிக்கும். கையைத் தோளுக்கு மேலே வைத்துக்கொண்டு வாருங்கள், விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள். சென்னையில் நான் புதுக் கட்டுப் போட்டுவிடுகிறேன். நண்பர்களின் கையெழுத்தை அதில் வாங்கிக்கொள்ளலாம்.