செட் கைமாறும் அந்த அரை மணி நேரம்

“அண்ணே, எதிரே வர்றவர் அந்த செட்டை இப்பத்தான் 250 மைல் ஓட்டிக்கிட்டு வந்திருக்கார். பிரேக் இல்லாமலா வந்து சேர்ந்திருப்பார்? அதை நான் மறுபடியும் முதலிலிருந்து பார்க்கணுமா?”

அமெரிக்காவில் சிடிஎல் (கனரக வண்டி ஓட்டும் உரிமம்) எடுத்து, ஊருக்கு ஊர் சரக்கு கொண்டுபோகும் லைன்ஹால் வேலைக்கு வரும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் பார்த்தே ஆக வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக இரண்டு வரி. ஒரு டிராக்டர் (எஞ்சினும் கேபினும் உள்ள இழுக்கும் வண்டி), அதன் பின்னால் 28 அடி ட்ரெய்லர் ஒன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று. இதைத்தான் டபுள்ஸ் என்கிறோம். இரண்டு ட்ரெய்லருக்கும் நடுவில் டாலி என்ற சின்னச் சக்கர வண்டி இருக்கும். டிராக்டர் நீங்கலாக மற்றதெல்லாம் சேர்ந்ததுதான் செட். மாநிலங்களுக்கு இடையேயான நெடுஞ்சாலைகளில் இதை எல்லா மாநிலங்களும் அனுமதிக்க வேண்டும் என்று 1982-இல் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு டிரைவர்கள் கிளம்புவார்கள். நடுவழியில் சந்தித்து செட்டை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்கே திரும்புவார்கள். விடியும்போது வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதால் குடும்பம் உள்ளவர்கள் விரும்பும் வேலை.

மாற்றும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நான் என் டிராக்டரைக் கழற்றிக்கொண்டு போய் அவருடைய செட்டில் மாட்டுகிறேன். அவர் என்னுடையதில் மாட்டுகிறார். என் கை படுவது முன் ட்ரெய்லரின் கிங் பின்னிலும் (டிராக்டரில் மாட்டும் இரும்பு முளை), முன்பக்க ஏர் ஹோஸ்களிலும், லைட் வயரிலும் மட்டும்தான். நடுவில் இருக்கும் டாலியையும் பின் ட்ரெய்லரையும் ஏதோ ஓர் ஊரின் யார்டில், மாலை நேர அவசரத்தில், நான் முகம் பார்க்காத ஒருவர் பூட்டி அனுப்பியிருக்கிறார். நாம் பூட்டியதை நாம் எப்படியும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவோம். யாரோ பூட்டியதைத்தான் பார்க்காமல் விடுகிறோம்.

நான் இந்த வேலைக்கு வந்த இரண்டாவது வருடம் நடந்தது. எதிரே வந்தவர் இருபது வருட அனுபவசாலி. அவர் வண்டி கொண்டுவரும் அழகைப் பார்த்தே நான் கற்றுக்கொண்டது உண்டு. அன்று அவருடைய செட்டில் மாட்டி, ஏர் ஏற்றி, டார்ச்சை எடுத்துக்கொண்டு பின் ட்ரெய்லரின் கடைசிக்குப் போனேன். அங்கே இரண்டு ஷட்-ஆஃப் வால்வுகள் இருக்கும். எமர்ஜென்சி லைன், அதாவது ட்ரெய்லர்களுக்குக் காற்று நிரப்பும் குழாயின் வால்வைத் திறந்தேன், காற்று சீறியது. மூடினேன். கேபினுக்குப் போய் ட்ரெய்லர் ஹேண்ட் வால்வை (ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போடும் கைப்பிடி) இழுத்துவிட்டு மறுபடி பின்னால் வந்து சர்வீஸ் லைன், அதாவது பிரேக் போட்டதும் காற்று போகும் குழாயின் வால்வைத் திறந்தேன். சத்தமே இல்லை.

முன் ட்ரெய்லரின் பின்புறம் போய்ப் பார்த்தால் அங்கே சர்வீஸ் வால்வு மூடிக் கிடக்கிறது.

இதன் பொருள் என்ன? எமர்ஜென்சி லைன் வழியாகக் காற்று போய்ச் சேர்ந்ததால் பின் ட்ரெய்லரின் ஸ்பிரிங் பிரேக் (காற்று இல்லாவிட்டால் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக்) விடுபட்டுவிட்டது. சக்கரங்கள் தாராளமாகச் சுழன்றன. கேபினில் அழுத்தமானி முழுசாகக் காட்டியது. எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியவில்லை. ஆனால் கால் பிரேக்கை மிதித்தால் டாலிக்கும் பின் ட்ரெய்லருக்கும் அந்தச் சேதி போகவே போகாது. முன்னால் இருப்பவை நிற்கப் பார்க்கும். பின்னால் இருப்பது தன் பாரத்தோடு தள்ளிக்கொண்டு வரும். அந்தப் பெரியவர் அப்படியே 200 மைலுக்கு மேல் வந்திருக்கிறார். நள்ளிரவில் வெறிச்சோடிய சாலை, ஒரே வேகம், பலமாக மிதிக்கும் சந்தர்ப்பமே வரவில்லை. வால்வைக் காட்டியதும் அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் டயர் மேல் கை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

ஆகவே “இப்பத்தான் ஓடி வந்தது” என்பது பிரேக் இருந்ததற்குச் சாட்சி ஆகாது. பிரேக் தேவைப்படவில்லை என்பதற்குத்தான் சாட்சி.

எமர்ஜென்சி வால்வு மூடியிருந்தால் அது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பிரிங் பிரேக் பொருத்திய ட்ரெய்லர் நகராமல் இழுத்துப் பிடிக்கும். மறைந்து நிற்பது சர்வீஸ் வால்வுதான். கடைசி ட்ரெய்லரின் கோடியிலும் அதே கதை. அங்கே எமர்ஜென்சி வால்வு திறந்திருந்தால் ஏர் ஏறவே ஏறாது. சர்வீஸ் வால்வு திறந்திருந்தால் பிரேக் மிதிக்கும்போது மட்டும் காற்று ஓடிப்போகும். முன் ட்ரெய்லரின் பின்னால் இரண்டும் திறந்திருக்க வேண்டும், பின் ட்ரெய்லரின் பின்னால் இரண்டும் மூடியிருக்க வேண்டும். சோதித்து முடித்ததும் மூட மறக்காதீர்கள். இந்தச் சோதனையைத் தனியாகச் செய்வதைவிட இடமாற்றுப் புள்ளியில் செய்வது எளிது. மிதிக்க ஓர் ஆள், கேட்க ஓர் ஆள். இந்த வேலையில் கூட ஒரு ஆள் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்படியே நடுவில் நின்று டாலியைப் பாருங்கள். பின்டில் ஹூக் (டாலியை முன் ட்ரெய்லரோடு மாட்டும் கொக்கி) மூடியிருப்பது வேறு, பூட்டியிருப்பது வேறு. கையால் ஆட்டிப் பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் மாட்டியிருக்கின்றனவா, டாலியின் ஊன்றுகால் தூக்கியிருக்கிறதா, பின் ட்ரெய்லரின் லேண்டிங் கியர் (தாங்குகால்) முழுக்க மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குனிந்து, டாலியின் ஃபிஃப்த் வீலுக்குள் (கிங் பின்னைப் பிடிக்கும் பூட்டுத் தட்டு) டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் தாடை கிங் பின்னின் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும்; மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரியக்கூடாது. சட்டை அழுக்காகும் வேலைதான். நின்றபடி பார்த்தால் இது தெரியாது.

சில இரவுகளில் ஒரு ட்ரெய்லரை மட்டும் மாற்றச் சொல்வார்கள். அப்போது செட்டைப் பிரிக்க வேண்டிவரும். பின் ட்ரெய்லர் டாலியின் மேல் இருக்கும்போதே பின்டில் ஹூக்கைத் திறந்துவிடக் கூடாது. டாலியின் இழுகம்பி சட்டென்று மேலே எகிறும். அடிபட்டால் தாடையோ கையோ மிஞ்சாது. டாலிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் ஆள் நிற்கும்போது மற்றவர் கேபினில் ஏறவே கூடாது என்பது என்னோடு வண்டி மாற்றுபவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் பேசிக்கொள்ளும் விஷயம்.

ஒன்றை மட்டும் மாற்றும்போது எடைக் கணக்கும் மாறிப்போகும். கனமான ட்ரெய்லர் டிராக்டரை ஒட்டி முன்னால், லேசானது பின்னால். மேனிஃபெஸ்ட்டில் (சரக்குப் பட்டியல்) இருக்கும் எடையைப் பார்த்து மறுபடி யோசித்துத்தான் வரிசை வைக்க வேண்டும். “கிடைத்த வரிசையில் மாட்டிக்கொள்வோம், மூன்று மணி நேரம்தானே” என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஸ்டியரிங்கில் நாம் செய்யும் சின்ன அசைவு பின்னே போகப்போகப் பெரிதாகும். சாட்டையின் நுனி சொடுக்குகிற மாதிரி. அதனால்தான் கடைசி ட்ரெய்லர் முதலில் கவிழ்கிறது. மூன்று ட்ரெய்லர் கோத்த வண்டியில் கடைசி ட்ரெய்லர் கவிழும் வாய்ப்பு, சாதாரண ஐந்து அச்சு வண்டியைவிட மூன்றரை மடங்கு என்று சிடிஎல் கையேடே சொல்கிறது. காற்றும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே, எல்க் மவுன்டன் பக்கம், ஐ-80 நெடுஞ்சாலையில் போனவர்களுக்குத் தெரியும்; லேசான, உயரமான வண்டிகளுக்கு அந்தச் சாலையை மூடும் நாட்கள் உண்டு. எனவே காலி ட்ரெய்லர் கைக்கு வருகிறதென்றால் அது பின்னால்தான் வரும், ஆனால் எந்தச் சாலையில், எந்தக் காற்றில் போகப்போகிறோம் என்பதையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஓடி வந்த வண்டியில் ஒரு நன்மையும் உண்டு. அது சூடாக இருக்கும். ஒரு சக்கரத்தின் ஹப் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் கொதித்தால், அங்கே பேரிங்கோ பிரேக்கோ சரியில்லை. புறங்கையை அருகில் கொண்டுபோனாலே தெரிந்துவிடும். கருகல் வாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள். காலையில் யார்டில் குளிர்ந்து கிடக்கும் வண்டி இதைச் சொல்லாது. விளக்குகளும் அப்படியே: 1998 மார்ச் 1-க்குப் பிறகு தயாரான ட்ரெய்லர்களிலும் டாலிகளிலும் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) உண்டு, இடப்பக்கம் அதற்கான மஞ்சள் விளக்கு இருக்கும். மின்சாரம் கொடுத்ததும் எரிந்து அணைய வேண்டும். டபுள்ஸில் மூன்று விளக்குகளையும் எண்ணுங்கள். டாலியில் இருப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இனி காகிதம். வண்டிச் சோதனை அறிக்கை இல்லை என்றால் குறை இல்லை என்று நினைப்பவர்கள் அதிகம். சரக்கு வண்டிகளில் குறை எதுவும் இல்லாவிட்டால் அறிக்கை எழுத வேண்டியதில்லை என்று 2014 டிசம்பரில் விதி மாறியது. அதற்குப் பிறகு, அறிக்கை இல்லாத வண்டி என்பது நன்றாகப் பார்த்துக் குறை இல்லாத வண்டியாகவும் இருக்கலாம், யாருமே பார்க்காத வண்டியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான். அதனால் எதிரே வருபவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது: “வழியில இழுத்துச்சா? ஏதாவது சத்தம் வந்துச்சா? ஏர் ஏற வழக்கத்தைவிட நேரமாச்சா?” அதே போல நம் செட்டைப் பற்றி நமக்குத் தெரிந்ததையும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். வண்டி பாதுகாப்பாக இருக்கிறது என்று ஓட்டுபவர் திருப்தி அடைந்த பிறகுதான் கிளம்ப வேண்டும் என்கிறது கூட்டாட்சி விதி. முன்பு ஓட்டியவரின் திருப்தி நமக்கு உதவாது.

ட்ரெய்லர் எண்களை ஒருவர் ட்ரெய்லரைப் பார்த்து உரக்கப் படிக்க, மற்றவர் மேனிஃபெஸ்ட்டில் சரிபார்ப்பது என் பழக்கம். சீல் எண்ணும் அப்படியே. திறக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்த சீல் வைத்த ட்ரெய்லரில் உள்ளே சரக்கு எப்படிக் கட்டியிருக்கிறது என்று நம்மால் பார்க்க முடியாது. அந்தச் சீல் ஒன்றுதான் நம் கையில் இருக்கும் ஆதாரம். எண் ஒத்துப்போகவில்லை என்றால் இருவரும் அங்கேயே நின்று டிஸ்பாட்சுக்கு (வண்டிகளை அனுப்பும் அலுவலகம்) போன் செய்யுங்கள். பிரிந்த பிறகு பேசினால் அது ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவதில் முடியும். பிறகு எலக்ட்ரானிக் லாகில் (ஓட்டும் நேரத்தைப் பதியும் கருவி) புது ட்ரெய்லர் எண்களையும் சரக்கு ஆவண எண்ணையும் மாற்றுங்கள். பழைய எண்களோடு எடை நிலையத்துக்குள் நுழைவது வேண்டாத தலைவலி.

அபாயகரமான சரக்கு இருந்தால் இதைவிட இரண்டு மடங்கு கவனம் வேண்டும். அதன் ஆவணம், டிரைவர் பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கேபினை விட்டு இறங்கினால் டிரைவர் பக்கக் கதவின் பையிலோ இருக்கையிலோ வைக்க வேண்டும். விபத்து நடந்தால் தீயணைப்பு வீரர் முதலில் தேடும் இடம் அது. நல்ல விதிதான். ஆனால் செட் மாற்றும்போது இரண்டு டிரைவர்களும் கேபினை விட்டு இறங்கித்தான் நிற்கிறார்கள். ஆக, விதியை ஒழுங்காகப் பின்பற்றுபவரின் ஆவணம் அவருடைய கதவுப் பையில் பத்திரமாக இருக்கும். மாட்டி முடித்து, கை குலுக்கி, ஏறிக் கிளம்பினால், அது அவரோடேயே எதிர்த்திசையில் போய்விடும்.

எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. 40 மைல் போன பிறகு கதவுப் பையைத் தொட்டுப் பார்க்கிறேன். இருப்பது நான் கொடுத்துவிட்டதாக நினைத்த செட்டின் காகிதம். பின் ட்ரெய்லரில் அரிக்கும் திரவப் பீப்பாய்கள், நான்கு பக்கமும் பிளக்கார்டு (அபாய எச்சரிக்கைப் பலகை), கையில் வேறு ட்ரெய்லரின் ஆவணம். அங்கே ஏதாவது நடந்திருந்தால் உதவிக்கு ஓடிவருபவர்கள் தவறான காகிதத்தை நம்பித் தண்ணீர் அடித்திருப்பார்கள். அடுத்த டிரக் ஸ்டாப்பில் ஒதுங்கி நின்று, அவரைத் திரும்பி வரச் சொல்லி, ஆவணம் கைக்கு வந்த பிறகுதான் நகர்ந்தேன். அன்றிலிருந்து, ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே காகிதத்தை மாற்றிக்கொள்கிறேன். முதலில் காகிதம், பிறகு இரும்பு.

பிளக்கார்டு தேவைப்படும் சரக்கை எடுக்க உங்கள் உரிமத்தில் அதற்கான எச் ஒப்புதல் இருக்க வேண்டும், டபுள்ஸுக்கான டி ஒப்புதலும் இருக்க வேண்டும். கொண்டுவந்தவருக்கு இருந்தது என்பது உங்களுக்குப் பொருந்தாது. பிளக்கார்டு போட்ட வண்டி ரயில்வே கிராசிங்கில் தண்டவாளத்துக்கு 15 முதல் 50 அடிக்குள் நின்றுதான் போக வேண்டும். வரும்போது சாதாரணச் சரக்கோடு நிற்காமல் கடந்த அதே கிராசிங்கைத் திரும்பும்போது நின்று கடக்க வேண்டும் என்பது, பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தவருக்கு மட்டுமே நினைவுக்கு வரும்.

இவ்வளவுக்கும் நேரம் ஏது என்று கேட்பார்கள். எட்டு மணி நேரம் ஓட்டிய பிறகு தொடர்ந்து ஓட்ட 30 நிமிட இடைவெளி வேண்டும் அல்லவா? 2020 செப்டம்பர் இறுதியிலிருந்து அந்த இடைவெளியில் வேலை செய்துகொண்டும் இருக்கலாம், வண்டி ஓட்டாமல் இருந்தால் போதும். டிராக்டரை மாட்டி நிறுத்திய பிறகு இந்தச் சோதனைகளைத் தொடங்கி, இடையில் ஓட்டிய நேரம் பதிவாகாமல் தொடர்ந்து 30 நிமிடம் இருந்துவிட்டால், இடைவெளிக் கணக்கும் அதோடு தீர்ந்தது. முன்பு அவசரப்பட ஒரு காரணம் இருந்தது; இப்போது அதுவும் இல்லை.

குறை கண்டுபிடித்தால் எதிரே வந்தவர் சங்கடப்படுவாரே என்று தயங்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அன்று வால்வு மூடிக் கிடந்த செட்டைக் கொண்டுவந்த பெரியவர், அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை என்னைச் சந்தித்த ஒவ்வொரு இரவும், நான் கேட்பதற்கு முன்பே தன் கேபினில் ஏறி உட்கார்ந்து ஜன்னலை இறக்குவார். “பின்னால போ தம்பி, நான் மிதிக்கிறேன், நீ கேளு” என்று சைகை காட்டுவார்.