மாகிஸ்ட்ராட் என்றால் மாஜிஸ்திரேட் அல்ல

தவறான மொழிபெயர்ப்போடு ஒருவர் என்னிடம் வருவது இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில், நகராட்சி நடத்தும் மழலையர் பள்ளியில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த பெண் ஒருவர், கனடாவில் வேலை தேடுவதற்காகத் தன் பணிச் சான்றிதழை யாரிடமோ கொடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாங்கியிருக்கிறார். கடிதத்தின் தலைப்பில் ‘டேர் மாகிஸ்ட்ராட்’ என்று இருந்தது. ஆங்கிலத்தில் அது ‘மாஜிஸ்திரேட்’ ஆகிவிட்டது. குழந்தைகளைப் பார்த்துக்கொண்டதற்குக் குற்றவியல் நடுவர் ஏன் சான்று தருகிறார், வழக்கு எதுவும் உண்டா என்று அங்கிருந்து கேள்வி வந்தது. என்னைத் தேடி வந்தபோது அவருக்கு எட்டு நாள் அவகாசம்தான் மிச்சம்.

ஹெஸ்ஸன் நகரங்களில் மாகிஸ்ட்ராட் என்பது நிர்வாகக் குழு. மேயர் தலைமையில் கூடிப் பெரும்பான்மையால் முடிவெடுக்கும். ஃபிராங்க்ஃபர்ட்டிலும் அப்படித்தான், காசலிலும் அப்படித்தான். நீதிமன்றத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஒலி ஒத்துப்போனால் பொருளும் ஒத்துப்போகும் என்ற நினைப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெர்லின், ஹாம்பர்க், பிரேமன் ஆகிய மூன்று நகர மாநிலங்களிலும் ‘செனாட்’ உண்டு. அமெரிக்க செனட்டைப் போல அது சட்டம் இயற்றும் அவை அல்ல. அதுதான் அங்கே அமைச்சரவை. ‘ஷ்டாட்ராட்’ மூனிக்கில் நகர மன்றம். ஹெஸ்ஸனிலோ மாகிஸ்ட்ராட்டில் உட்காரும் தனி ஒருவர். ‘லாண்ட்ராட்’ என்பதில் மன்றத்தையோ அதன் உறுப்பினரையோ குறிக்கும் ‘ராட்’ இருப்பதால் கவுன்சிலர் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் மாவட்ட நிர்வாகத்தின் தலைவர். நம் ஆட்களுக்கு உடனே கலெக்டர் நினைவுக்கு வருவார். கலெக்டர் நியமிக்கப்படுபவர், லாண்ட்ராட் தேர்ந்தெடுக்கப்படுபவர். பெரும்பாலான மாநிலங்களில் மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள், பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் மாவட்ட மன்றம் தேர்ந்தெடுக்கிறது. எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தின் பாசல்-லாண்ட்ஷாஃப்டுக்குப் போனால் அதே சொல் அங்குள்ள சட்டமன்றத்தின் பெயர்!

மொழிபெயர்க்கிறவர்களே, முதலில் எந்த மாநிலம் என்று பாருங்கள். மாநிலங்கள் 16, உள்ளாட்சிச் சட்டம் அவற்றின் கையில்தான் இருக்கிறது. அடுத்து தேதியைப் பாருங்கள். நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் 1990-களின் சீர்திருத்தத்துக்கு முன்பு மேயர் கௌரவப் பதவியில் இருந்தவர். நிர்வாகத்தை நடத்தியவர் வேறொருவர். போருக்குப் பின் பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் விட்டுப்போன ஏற்பாடு அது. அகராதியை இதற்கெல்லாம் பிறகு திறங்கள். ஜெர்மன் சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் அது என்ன அமைப்பு என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் ஒரு சொல், மூன்றாம் பக்கத்தில் இன்னொன்று என்று மாற்றாதீர்கள்.

மொழிபெயர்ப்பை வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருந்தால் போதும் என்று மடித்து வைத்துவிடாதீர்கள். கடிதத் தலைப்பையும் முத்திரையையும் ஒருமுறை படியுங்கள். நீதிபதியோ நீதிமன்றமோ காரணமில்லாமல் தலைகாட்டினால், அனுப்புவதற்கு முன்பே மொழிபெயர்த்தவரிடம் கேளுங்கள்.